இடம் இருக்கு, ஏறுங்க

பேருந்து நிறுத்தம் கண்ணில் பட்டதுமே அவருடைய கால் தானாக வேகத்தைக் குறைத்துவிடும். காரின் நடைபாதைப் பக்கத்து ஜன்னல் இறங்கும். கைமாற்று கேட்பவர் முகத்தோடு, "ஒரு உதவி பண்ணணுமே," என்பார். வழி கேட்கிறார் என்று நினைத்து, நிற்பவர்கள் குனிவார்கள். "கடைத்தெருப் பக்கந்தான் போறேன். பின்னாடி ரெண்டு சீட்டு சும்மா வருது. கொஞ்சம் உட்காந்துட்டு வந்தீங்கன்னா நல்லாயிருக்கும்." ஏறியவர் இறங்கும்போது நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள், இவர் முந்திக்கொண்டு நன்றி சொல்லிவிடுவார்.

நானும் அப்படி உதவி பண்ணப் போனவன்தான். நான் வேலை பார்க்கும் அச்சகம் அவர் கடைக்கு அடுத்த தெருவில் இருக்கிறது. தெரியாதவர்கள் வண்டியில் ஏறிப் பழக்கமில்லை என்று சொல்லத்தான் நினைத்தேன். வார்த்தை தொண்டையிலிருந்து வருவதற்குள் கதவு திறந்திருந்தது. அன்றிலிருந்து பின் சீட்டில் இடது ஓரம் எனக்கு.

பயணப் பெட்டிகளும் தோள்பைகளும் விற்கிற கடை அவருடையது. சட்டைப் பையில் சில்லறைக்குப் பதிலாக ஜிப்பை ஓட்டும் ரன்னர்கள் குலுங்கும். புதுப் பெட்டி வாங்க வந்தவரிடம் "பழசுக்கு என்ன ஆச்சு?" என்று விசாரிக்கிற கடைக்காரரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. சக்கரம் உடைந்துவிட்டது என்பார் வந்தவர். "சக்கரந்தானே போச்சு? அதுக்குப் பெட்டி என்ன பாவம் பண்ணுச்சு? எடுத்துட்டு வாங்க, மாட்டித் தரேன்." வந்தவர் வெறுங்கையோடு படி இறங்கியதும், கடையில் பங்குள்ள தம்பி தலையில் கைவைத்துக்கொள்வார். "அண்ணே, நீங்க கடைக்கு வராம வீட்டுல இருங்க. அதுக்குத் தனியா சம்பளம் தரேன்." அண்ணனுக்கு இது பாராட்டாகவே கேட்கும்.

கார் மின்சாரத்தில் ஓடுவது. அதற்கு முன் வைத்திருந்த பெட்ரோல் காரை, அது ஒரு நாள் நடுச்சாலையில் உட்கார்ந்து இனி எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும்வரை ஓட்டியிருக்கிறார். முன்னமே மாற்றியிருந்தால் அவ்வளவு புகை மிச்சமாகியிருக்குமே என்று ஒரு நாள் மெதுவாகக் கேட்டேன். "ஓடுற வண்டியத் தூக்கிப் போட்டுட்டுப் பச்சை வண்டி வாங்கறது எப்படி இருக்கு தெரியுமா தம்பி? தட்டுல இருக்கற சோத்தக் கொட்டிட்டு, உடம்புக்கு நல்லதுன்னு வேற உலை வைக்கிற மாதிரி." அவருடைய தம்பிக்கோ இந்த இரண்டு வருடக் காரே பழையதாகத் தெரிகிறது. "புது மாடல் வந்திருக்குண்ணே. அதுவே போய்ப் பார்க் பண்ணிக்குமாம்." "அப்புறம் நீ எதுக்கு?" என்றார் அண்ணன்.

நெரிசலில் வண்டி நிற்கும்போதுதான் அவருக்குப் பேச்சு ஊறும். பக்கத்தில் நிற்கும் கார்களைத் தாடையால் சுட்டுவார். "பாருங்க, ஒவ்வொண்ணுலயும் ஒரு ஆளும் நாலு சீட்டுக் காத்தும் போகுது. கரண்டுல ஓடுனா புகை வராது, ஒத்துக்கறேன். ஆனா இரும்பு எங்கேருந்து வந்துச்சு? பேட்டரிக்குள்ள இருக்கறது எந்த மலையோட வயிறோ! அஞ்சு பேரு உட்காரணும்னு சொல்லித்தானே தோண்டுனோம்? ஒருத்தன் உட்காந்து போனா, மிச்ச நாலு பேருக்குத் தோண்டுன குழிக்கு யாரு பதில் சொல்றது?" பதில் சொல்லவேண்டியவர் பின் சீட்டில் இருப்பதைப் போலத் திரும்பிப் பார்ப்பார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பேன்.

காரைக் கழுவ மாட்டார். மரத்தடியில் நிறுத்துவதால் கூரை முழுக்கப் பறவை எச்சம். "மழை வரட்டும். மரமும் இதுவும் சேர்ந்து குளிச்சுக்கும்." ஹாரன் அடிப்பதும் பிடிக்காது. சத்தமே இல்லாத வண்டி என்பதால், பின்னால் வருவது நடப்பவர்களுக்குத் தெரியாது. அவர் தலையை வெளியே நீட்டித் தொண்டையைக் கனைப்பார். "உங்க பின்னாடி ஒருத்தன் வரேங்க, பயந்துடாதீங்க." அதைக் கேட்டுத்தான் எல்லோரும் பயந்து துள்ளுவார்கள்.

பெட்டியில் துணி அடுக்கிக் காட்டிப் பழகிய கை அவருடையது. ஆட்களையும் அதே மாதிரி அடுக்குவார். முன் சீட்டு, முட்டி வலிக்காரரான வயதான வக்கீல் குமாஸ்தாவுக்கு. பின்னால் வலது ஓரம், இரட்டைக் குழந்தைகளைப் பெற்றுவிட்டு, தூங்குவதற்கு இந்தக் காரை மட்டுமே நம்பியிருக்கும் நர்ஸுக்கு. இடது ஓரம் நான். எங்கள் இருவருக்கும் நடுவில், தோளைச் சுருக்கி, கைப்பையை மடியில் நிறுத்தி, முழங்கால்களை ஏறக்குறைய மோவாய்க்குக் கொண்டுவந்து உட்கார்ந்திருப்பவர் அவருடைய மனைவி. நல்ல உயரமான பெண்மணி.

கடைத்தெருவிலேயே ஒரு மருந்துக்கடையில் அவருக்கு வேலை. டாக்டர்களின் கிறுக்கலைப் படித்துப் படித்து, எதையும் முழுதாகச் சொல்லவேண்டியதில்லை, பாதி சொன்னாலே புரிந்துவிடும் என்கிற நம்பிக்கை அவருக்கு உண்டாகியிருந்தது. கணவர் விஷயத்தில் அது பலிக்கவில்லை. "ஏங்க, இன்னிக்குக் கால் மரத்துப்போச்சு," என்பார். "இறங்கி ரெண்டு எட்டு வச்சா சரியாயிடும்மா," என்று பதில் வரும். "என்னைக் கட்டிக்கிட்டீங்களா, இந்த பஸ் ஸ்டாப்பைக் கட்டிக்கிட்டீங்களா?" என்று ஒரு நாள் கேட்டார். வண்டியில் எல்லோரும் சிரித்தோம். அதிகமாகச் சிரித்தவர் கணவர்தான். மனைவி சிரிக்கவில்லை என்பது பக்கத்தில் இருந்த எனக்குத் தெரிந்தது.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, பாதி வழியில், "கொஞ்சம் நிறுத்துங்க," என்றார் மனைவி. நான் இறங்கி வழிவிட்டேன். குடையை விரித்துக்கொண்டு நடைபாதையில் நின்றார்.

"என்னாச்சும்மா?"

"ஒண்ணுமில்ல. நான் பஸ்ல போய்க்கறேன்."

"எதுக்கு?"

"அதுல ஜன்னல் சீட்டு கிடைக்கும்."

கணவர் இதையும் நகைச்சுவை என்றே எடுத்துக்கொண்டார். சரி, மாலையில் பார்க்கலாம் என்று வண்டியை எடுத்தார். அடுத்த நிறுத்தத்தில் ஒரு பிளம்பர் குழாய்களோடு நனைந்துகொண்டிருந்தார். கால் தானாக வேகத்தைக் குறைத்தது. ஜன்னல் இறங்கியது. "ஒரு உதவி பண்ணணுமே." பிளம்பர் நடுவில் உட்கார்ந்து, குழாயின் ஒரு முனையை என் தோளில் சாய்த்த அதே நேரத்தில், ஒரு பேருந்து எங்களை உரசுவதுபோல் தாண்டிப் போனது. அதன் ஜன்னல் சீட்டிலிருந்து அவர் மனைவி குனிந்து எங்களைப் பார்த்தார்.

மறுநாளிலிருந்து அவர் வண்டியில் ஏறவில்லை. நடு இடத்தில் தினம் ஒருவர் வந்து உட்கார்ந்தார்.

இருமல் மருந்து வாங்க நான் அவருடைய மருந்துக்கடைக்குப் போனபோது, மாத்திரை அட்டையைக் கத்தரித்தபடியே சொன்னார்: "கால் வலி பெரிசில்ல தம்பி. காலி சீட்டப் பாத்தா நெஞ்சு துடிக்கும்னு ஊரெல்லாம் சொல்றாரே, என் சீட்டு காலியாச்சு. அதுல சூடு ஆறறதுக்குள்ள ஆள் ஏத்தியாச்சு. துடிக்க நேரமே இல்ல." மாத்திரையை உறையில் போட்டார். "சாப்பாட்டுக்கு அப்புறம், ஒரு நாளைக்கு ரெண்டு."

வீட்டில் பேச்சு நின்றுபோயிருந்தது. கணவருக்கு மட்டும் காரணம் தெரியவில்லை. தெரியாததை அவர் எங்கே கேட்பார்? நெரிசலில் வண்டியை நிறுத்திக்கொண்டு எங்களிடமே கேட்டார். "எதுக்குக் கோபம்னு கேட்டா, கண்டுபிடிங்கன்னுட்டு விளக்க அணைச்சுடறா. அக்கா வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நாள் இருக்கப் போறாளாம். பையெல்லாம் எடுத்து வச்சிருக்கா. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல." குரலில் வழக்கமான உற்சாகம் இல்லை. அன்று இரண்டு நிறுத்தங்களில் அவர் ஜன்னலை இறக்கவே மறந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

குமாஸ்தா முன் சீட்டில் முட்டியைத் தடவிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். "ஏதாவது வாங்கிக் கொடுமய்யா. புதுசா, பளபளன்னு. எந்த வழக்கும் வாபஸ் ஆயிடும்."

வாழ்நாளெல்லாம் வாங்காதே வாங்காதே என்று சொன்ன மனிதர், பயத்தில் அதையும் செய்தார். தன் கடையிலிருந்தே விலை உயர்ந்த கைப்பை ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தாராம். தம்பி அன்று கடையில் எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தார், அண்ணன் கையால் ஒரு பை போயிருக்கிறதே என்று. மறுநாள் காலை பை திரும்பிவந்துவிட்டது. "இருக்கற பைக்கு என்ன ஆச்சுன்னு கேக்கறா," என்றார் அவர் எங்களிடம், முகம் வெளிறி. "ஜிப் நல்லா ஓடுது, கைப்பிடி நல்லாயிருக்கு, அது என்ன பாவம் பண்ணுச்சுன்னு கேக்கறா."

குமாஸ்தாவுக்கு இருமல் வந்தது. நான் சொல்லிவிட வாயெடுப்பதற்குள், தூங்குவதாக நாங்கள் நினைத்திருந்த நர்ஸ், கண்ணைத் திறக்காமல் கேட்டார்:

"அண்ணே, அக்கா இந்த வண்டியில எங்க உட்காந்திருந்தாங்க?"

"நடுவுல."

"எப்பவுமா?"

"எப்பவுந்தான். வண்டி வாங்குன நாள்லருந்து."

"முன்னாடி எத்தன தடவ உட்காந்திருக்காங்க?"

பச்சை விளக்கு விழுந்தது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். அவர் முன் சீட்டைப் பார்த்தார், அதில் இருந்த குமாஸ்தாவைப் பார்த்தார். விளக்கு மறுபடி சிவப்பாகும்வரை வண்டி நகரவில்லை.

மறுநாள் முன் சீட்டில் மடித்த கைக்குட்டை ஒன்று கிடந்தது, பேருந்தில் ஜன்னல் வழியாகப் போட்டு இடம் பிடிப்பார்களே, அதைப்போல. பழக்கத்தில் முன் கதவைத் திறந்த குமாஸ்தா திகைத்தார். "ஐயா, இனிமே நீங்க பின்னாடி. கோவிச்சுக்காதீங்க."

"என் முட்டி?"

"அதுக்கு வழி பண்றேன்." தன் சீட்டை முன்னால் இழுத்து, ஸ்டியரிங் நெஞ்சில் முட்ட உட்கார்ந்துகொண்டு, பின்னால் குமாஸ்தாவின் காலுக்கு இடம் கொடுத்தார். நர்ஸ் நடுவுக்கு நகர்ந்தார். "எனக்கு எங்க இருந்தா என்ன, தூக்கந்தானே."

அந்தக் காலைப் பயணத்தை அவர் எப்படித் தாங்கினார் என்பது அவருக்குத்தான் வெளிச்சம். விழுந்த பல்லின் இடத்தை நாக்கு தேடிப்போவதுபோல அவர் பார்வை அந்தக் காலி இடத்துக்குப் போய்ப் போய் வந்தது. நிறுத்தங்களில் தெரிந்த முகங்கள் கைகாட்டின. ஜன்னலை இறக்கி, "ஆள் வருதுங்க," என்றார்.

மாலையில் மருந்துக்கடை வாசலில் வண்டியை நிறுத்தினார். மனைவி வெளியே வந்தார், பின்னால் இடித்துக்கொண்டிருந்த எங்கள் மூவரையும் முன்னால் இருந்த கைக்குட்டையையும் பார்த்தார், பேருந்துக்கு நடந்தார். கணவர் இறங்கவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. காலி சீட்டோடு வீடு திரும்பினோம். மறுநாளும் அதேதான். "இன்னைக்காவது வேற யாரையாவது ஏத்திக்கலாமே," என்றார் குமாஸ்தா. "அது அவ எடங்க," என்றார் அவர்.

அதற்கடுத்த மாலை, மனைவி வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு முன் கதவைத் திறந்து, கைக்குட்டையை இரண்டு விரலால் எடுத்துக் கணவர் தோளில் போட்டார். உட்கார்ந்தார். சீட்டுக்கு அடியில் கைவிட்டு எதையோ தேடி இழுத்தார். சீட்டு சர்ரென்று கடைசிவரை பின்னால் வந்து என் முழங்காலில் நின்றது. அவர் கால்களை முன்னால் நீட்டினார், முழுசாக.

"வலிக்குதா தம்பி?"

"இல்லக்கா," என்றேன்.

"பொய்யி. எனக்குத் தெரியும், வலிக்கும்," என்றார் சந்தோஷமாக.

குமாஸ்தாவும் நர்ஸும் அவரவர் இடத்தில் இறங்கினார்கள். என் நிறுத்தம் வந்தது. அப்போதுதான் ஒரு பேருந்து நிற்காமல் போயிருந்ததால் ஏழெட்டுப் பேர் முணுமுணுத்தபடி நின்றிருந்தார்கள். நான் இறங்கி, அவர் முந்துவதற்குள் இன்றாவது நன்றி சொல்லிவிட வேண்டும் என்று ஜன்னலருகே குனிந்தேன்.

"அப்படியே ஏரிக்கரை வரைக்கும் போயிட்டு வரலாங்க," என்று மனைவி சொல்லிக்கொண்டிருந்தார்.

"ரெண்டே பேரா?"

"ஏன், ஏரிக்கு ஆள் பத்தாதா?"

அவர் நிறுத்தத்தில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பின்னால் மூன்று காலி இருக்கைகள் வரிசையாகத் தெரிந்தன. பிறகு கையை உயர்த்தி, கண்ணாடியின் முகத்தைக் கூரையைப் பார்க்கத் திருப்பிவிட்டு, வண்டியை எடுத்தார்.