மாவி உட்கார்ந்த அசனப் பந்தி

சபையாரே, நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கோபமும் கூடவே வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் ஒரு கூடை கத்தரிக்காயால் என் குடும்பம் உடைய இருந்தது.

என் மனைவி மாவி மிசோரத்துக்காரி. பெங்களூரில் வேலை பார்த்தபோது சந்தித்து, மணந்து, பாளையங்கோட்டைக்குக் கூட்டி வந்தேன். அவள் வீட்டார் தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். ஆனாலும் இங்கே, "எப்பம்மா ரட்சிக்கப்பட்ட?" என்று விசாரிக்காதவர் இல்லை. அவள் அம்மா அனுப்பிய உலர்ந்த இறைச்சி நாறுகிறதாம். நம் வீட்டுக் கருவாடு மணக்கிறதாக்கும்!

அசனத்துக்கு முந்தின நாள் சபைப் பெண்கள் கோயில் வளாகத்தில் கூடி, மறுநாள் விருந்துக்குக் காய் நறுக்கினார்கள். மாவியும் ஆசையாக அரிவாள்மனையோடு உட்கார்ந்தாள். அம்மாவின் தங்கை, என் சித்தி, கூடையைத் தன் பக்கம் இழுத்தார்.

"நீ பைய அங்கன போய் இரு தாயி. ஒங்க ஊர்ல என்னத்தையெல்லாமோ திம்பாவளாம். அசனக் காயில அந்தக் கை படக்கூடாது."

அம்மா பக்கத்திலேயே இருந்தார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. நான் போய்ச் சத்தம் போட்டேன். "பொண்டாட்டிக்கு வக்காலத்தா லே?" என்று காய் நறுக்கிய பெண்கள் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மாவி பெட்டியை எடுத்துவிட்டாள். "நாளைக்கு எங்க ஊருக்குப் போறேன். நீங்க வந்தா வாங்க." அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயம்.

முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, எல்லாரும் ஒன்றாக உண்ணத்தானே அசனம்? என் பேச்சு எடுபடவில்லை. என் அம்மாவின் வாயைத் திறவும்" என்று சண்டை பிடித்தேன். ஜெபமா அது? ஆனாலும் கேட்டார்!

மறுநாள் ஆராதனைக்கு மட்டுமாவது வா என்று மாவியைக் கெஞ்சிக் கூட்டிப்போனேன். பந்தி போட்டதும் அவள் வாசலிலேயே நின்றுகொண்டாள். சித்தி அம்மாவுக்குச் சோறு வைக்க வந்தார். அம்மா இலையை விட்டு எழுந்தார்கள்.

"ஏட்டி, நான் முட்டுவலியில கெடந்தப்ப கஞ்சி வச்சுத் தந்த கை அது. அந்தக் கை ஆகாதுன்னா, இந்தச் சோறு எனக்கும் ஆகாது."

சித்தி அவசரமாகக் கரண்டியை மாவியிடம் நீட்டினார். "வா தாயி, நீயும் பரிமாறு."

"நான் பரிமாறல," என்றாள் மாவி. "அத்தை பக்கத்துல உக்காந்து சாப்பிடுதேன். நீங்க எனக்குப் பரிமாறுங்க."

சித்தி பரிமாறினார். கர்த்தருக்குக் கோடி ஸ்தோத்திரம்!

மாவி ஊருக்குப் போகவில்லை. இப்போது யாராவது அவளைச் சீண்டினால் அம்மாதான் முதலில் பேசுகிறார்கள்.

உங்கள் வீட்டிலும் வேற்றூர் மருமகள் இருக்கலாம். அவளுக்குப் பொறுமையைத் தாரும் என்று இனி ஜெபிக்காதீர்கள். அது அவளிடம் வேண்டிய மட்டும் இருக்கிறது. உங்கள் வீட்டாருக்குக் கொஞ்சம் வெட்கத்தைத் தரும்படி கேளுங்கள். நம்பிக் கேளுங்கள், தருவார்.