மீட்டரை நம்பாத பிலோமினா

போன செவ்வாய்க்கிழமை காலையில் பேக்கிங் பிரிவு சேகர் போன் செய்து, "அண்ணே, பிலோமினா அக்கா போயிட்டாங்க" என்றான். நான் நம்பவில்லை. நம் தொழிற்பேட்டை வாட்ஸப் குழுவில் உயிரோடு இருப்பவர்களுக்கே மாலை போட்டுவிடுகிறார்கள். எனக்கே ஒரு தடவை போட்டார்கள். நானே போய் எல்லோருக்கும் நன்றி சொன்னேன். "நீ கண்ணால பாத்தியா?" என்று கேட்டேன். அவன் பார்க்கவில்லை. உடனே பிலோமினாவின் நம்பருக்கே அடித்தேன். எடுத்தது அவருடைய கணவர் அந்தோணி, ஐயப்பன்தாங்கல் டிப்போவில் டிரைவர். "நெசந்தான் அண்ணாத்தே. நெஞ்சு வலிக்குதுன்னா. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறதுக்குள்ள முடிஞ்சிப்போச்சு" என்றார். அப்படியும் ஆவடியில் அவர் வீட்டுக்கே போய் முகத்தைப் பார்த்த பிறகுதான் என் மனம் ஒப்புக்கொண்டது. இதற்காக பிலோமினா என்னைக் கோபிக்க மாட்டார். விசாரிக்காமல் அழுதிருந்தால்தான் கோபித்திருப்பார்.

இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருப்பவர்களில் அவரை அறிந்த உங்களுக்கு அவர் வேலை தெரியும். தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். தொழிற்சாலைகள் சொந்தமாக வைத்திருக்கும் தீயணைப்பு வண்டிக்கும் ஆம்புலன்ஸுக்கும் வயர்லெஸ் பொருத்தித் தரும் கம்பெனி திருமழிசையில் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் ஆன்டெனாக்களைச் சோதித்துச் சீட்டில் கையெழுத்துப் போடுவது பிலோமினா. கையெழுத்து விழுந்த ஆன்டெனாவை வண்டிக் கூரையில் ஏற்றுவது நான். எட்டாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரை கூரையில் ஓட்டை போட்டு ஒரு சொட்டு மழை இறங்காமல் ஆன்டெனா வைக்க என்னை விட்டால் ஆள் கிடையாது. ஆவடியில் பீரங்கி வண்டிக்கு வைக்கச் சொல்லி என்னைத் தேடி ஜீப்பே வந்தது. அன்றைக்கு எனக்கு நேரமில்லை.

பிலோமினாவுக்குப் பெட்டியைப் பார்த்ததுமே சந்தேகம் தொடங்கிவிடும். வானவில் போல மின்னும் ஸ்டிக்கரைக் காட்டி, "பாரு தங்கச்சி, ஒரிஜினல்" என்று ஒருமுறை சொன்னேன். "ஸ்டிக்கர் இவ்ளோ மின்னுதுன்னா அதுக்குத்தான் செலவு பண்ணிகிறான். உள்ள இன்னா கீதுன்னு பாப்போம்" என்றார். பிளேடால் கேபிளைக் கீறி, உள்ளே இருந்த பின்னல் கம்பியைச் சுரண்டிக் காட்டினார். மேலே செம்பு நிறம், அடியில் வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியிருந்தார்கள். அந்தப் பெட்டி அன்றைக்கே திரும்பிப் போனது.

எனக்கும் சந்தேகப்படத் தெரியும் என்று காட்ட ஒரு காந்தத்தை எடுத்துக்கொண்டு போனேன். அசல் எவர்சில்வரில் காந்தம் ஒட்டாது என்பது மண்ணூர்பேட்டையில் நான் பரப்பிய விஞ்ஞானம். புதிதாக வந்த ஆன்டெனாக் கம்பிகளில் காந்தம் லேசாக ஒட்டியது. "அத்தனையும் டூப்ளிகேட்!" என்று அறிவித்து, நானே எல்லாவற்றையும் ஓரங்கட்டினேன். பிலோமினா ஒன்றை எடுத்து வில் மாதிரி வளைத்து விட்டார். அது விர்ரென்று நிமிர்ந்து நேராக நின்றது. நான் "நல்ல சரக்கு" என்று, காந்தம் ஒட்டாததால், ஒதுக்கி வைத்திருந்த பழைய கம்பி ஒன்றை வளைத்தார். அது பாதியிலேயே நின்று கோணிக்கொண்டது.

"ஸ்பிரிங்கு மாதிரி இழுத்த எவர்சில்வர்ல காந்தம் கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும் அண்ணாத்தே. இதுகூட தெரியாம எத்தினி வண்டிக்கு மாட்டிகீற?"

"நான் உன்னை டெஸ்ட் பண்ணேன் தங்கச்சி."

"பண்ணு, பண்ணு. பாஸா நானு?"

சுற்றி இருந்தவர்கள் ஒரு வாரம் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அது ஒரு திறமை.

நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வந்தது கடைசியாக வந்த அந்தச் சரக்கைப் பற்றி. முதலாளியின் மச்சானே புதிதாகத் தொழில் தொடங்கி அனுப்பியது. அதற்கு முன்பே இரண்டு தடவை அவர் சரக்கை பிலோமினா திருப்பி அனுப்பியிருந்தார். அன்று காலை முதலாளி வந்து எல்லோர் முன்பும் சொன்னார்: "இதையும் ரிஜக்ட் பண்ணா, சரக்கு ஏத்துற வண்டியிலயே நீயும் ஏறிக்கம்மா." பிலோமினாவின் மகள் நர்சிங் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். பிலோமினா சோதனைச் சீட்டை எடுத்து மேசையில் வைத்துக்கொண்டார்.

கையெழுத்துக்கு முன் சோதித்துப் பார்க்க, ஒரே ஒரு ஆன்டெனாவை மட்டும் ஆம்புலன்ஸ் கூரையில் ஏற்றினேன். வயர்லெஸ் செட் அனுப்பும் சக்தியை ஆன்டெனா வெளியே வீசாவிட்டால் அது செட்டுக்கே திரும்பும்; எவ்வளவு திரும்புகிறது என்று மீட்டர் காட்டும். முள் அசையவே இல்லை; துளிகூடத் திரும்பவில்லை என்று அர்த்தம். சேனலை மாற்றினோம், அப்போதும் அசையவில்லை. ஒரு சேனல் பாக்கி இல்லாமல் மாற்றிப் பார்த்தோம், முள் தூங்கியது. என் வாழ்நாளில் இப்படியொரு ஆன்டெனாவைப் பார்த்ததில்லை. "கையெழுத்தைப் போடு தங்கச்சி, தப்பிச்ச" என்றேன்.

அவர் முகம் இறுகியது. "நல்ல ஆன்டெனாவே சேனல் மாறுனா கொஞ்சம் மொணகும். எல்லா இடத்திலயும் ஒரே மாதிரி நல்லவனா இருக்கறவன நான் நம்ப மாட்டேன்" என்றார். மைக்கை அழுத்திப் பிடித்து ஒரு நிமிஷம் காத்திருந்தார். பிறகு விட்டுவிட்டு, "இப்ப தொடு. அழுத்திகினு இருக்கசொல்ல தொட்டா சுட்டுடும்" என்றார். கூரையேறி ஆன்டெனாவின் அடிப்பாகத்தில் கை வைத்தேன். அப்போதுதான் இறக்கிய டீ கிளாஸ் மாதிரி கொதித்தது. கழற்றி, ரம்பத்தால் அறுத்தார் பிலோமினா. சக்தியை எல்லாம் சூடாக்கித் தின்றுவிடும் ஒரு சின்ன ரெசிஸ்டர் உள்ளே உட்கார்ந்திருந்தது. மீட்டரை ஏமாற்றுவதற்காகவே வைத்தது. அந்த ஆம்புலன்ஸ் கேட்டைத் தாண்டியிருந்தால் அதன் குரல் யாருக்கும் கேட்டிருக்காது.

அந்த நேரம் பார்த்து, வண்டியை எடுத்துப் போக வந்த தொழிற்சாலைப் பாதுகாப்பு அதிகாரி உள்ளே நுழைந்தார். அறுத்ததைப் பார்த்து அசந்துபோய், "அடேயப்பா! யாருங்க இதைக் கண்டுபிடிச்சது?" என்று கேட்டார். நான் கூரையில் நின்றபடி மார்பைத் தட்டி, "நான்தான் சார். கேட்ல வரும்போதே வாசனையிலேயே தெரிஞ்சுபோச்சு" என்றேன். அப்புறம்தான் அவருக்குப் பின்னால் நின்ற முதலாளியைப் பார்த்தேன்.

அதிகாரியின் முன்னால் முதலாளி சிரித்துச் சமாளித்தார். சரக்கு முழுதும் திரும்பியது. வண்டி கிளம்பியதும் என்னைப் பார்த்து, "நாளைலேர்ந்து இந்தப் பக்கம் தலை தெரியக் கூடாது" என்றார். பிலோமினா வாயைத் திறக்கப் போனார். நான் கையைக் காட்டி அடக்கிவிட்டு, என் கருவிப் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அன்றோடு அந்தக் கம்பெனி வேலை எனக்கு முடிந்தது. பிலோமினாவின் வேலை நிலைத்தது.

அதற்குப் பிறகு நீங்கள் எல்லோரும் என்னைத் தியாகி என்றீர்கள். ஒரு தங்கைக்காகப் பிழைப்பை விட்டவன் என்று மைக் பிடித்துப் பேசினவர்கூட உண்டு. நான் மறுக்கவில்லை, கொஞ்சம் சேர்த்தும் சொன்னேன்.

பிலோமினா மட்டும் அப்படிச் சொல்லவில்லை. மகள் வேலைக்குச் சேர்ந்ததும் ஸ்வீட் பாக்ஸோடு, வேலை போன பிறகு நான் போட்ட சின்னக் கடைக்கு வந்தார். டீ குடித்தார். பிறகு என்னை நேராகப் பார்த்துக் கேட்டார்:

"அண்ணாத்தே, அன்னிக்கு நாந்தான்னு சொன்னியே. என்னக் காப்பாத்தவா, இல்ல அந்த ஆபீசர் கைல பேர் வாங்கவா?"

"உன்னக் காப்பாத்தத்தான் தங்கச்சி. இது இன்னா கேள்வி?"

அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "செரி. எதுக்கா இருந்தாலும் என் பொண்ணு படிச்சிட்டா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

நான் சொன்னதை அவர் ஏற்றாரா, திருப்பி அனுப்பினாரா என்பது எனக்குக் கடைசி வரை தெரியாது. உண்மையைச் சொன்னால், முதலாளி பின்னால் நிற்பதைப் பார்த்திருந்தால் நான் வாயைத் திறந்திருப்பேனா என்று எனக்கே தெரியவில்லை. இந்த ஊரில் என்னைப் புகழ ஆயிரம் பேர் இருக்கிறார்கள். என்னைச் சந்தேகப்பட இருந்தது அவர் ஒருத்தர்தான். இனி அந்த வேலையை நானேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். அவரிடமிருந்து எனக்கு மிச்சம் அதுதான்.