தங்கையைக் காட்டிக்கொடுத்த நாள்

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்ததற்கு அடுத்த ஜனவரியில், என் தங்கையைத் தமிழ்ப் பள்ளியில் சேர்க்க அப்பா கூட்டிப் போனார். அங்கேயே மூன்றாம் வகுப்பில் இருந்த நானும் பெரிய மனுஷிபோலக் கூடவே போனேன். அந்தத் தலைமையாசிரியரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வீட்டில் யார் யார் என்ன செய்கிறீர்கள் என்று அவளைக் கேட்டார்.

"அப்பா வேலை போறான். நான்... நான் வெளாடுது."

மனிதர் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்ததோடு விட்டாரா? அடுத்த அறை ஆசிரியரையும் கூப்பிட்டு, அவளை இன்னொரு தடவை சொல்ல வைத்தார். ஏழு வயதுப் பிள்ளை! அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பிள்ளை மந்தம், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று தீர்ப்பாயிற்று.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"மந்தமில்ல சார், நடிக்கிறா. பக்கத்து வீட்டுல மலாய் நல்லாத்தான் பேசுறா."

மலாக்காவில், காஜா பேராங்கில் எங்கள் பக்கத்து வீடு, தலைமுறை தலைமுறையாக அங்கேயே ஊறிப்போன மலாக்கா செட்டிக் குடும்பம். எங்களைப்போலவே சாமி கும்பிடுவார்கள், பேசுவது மலாய். மலாயில் அப்பா போனாலும் நான் போனாலும் வினைச்சொல் ஒன்றுதான், தமிழைப்போல ஆளுக்குத் தகுந்தபடி மாறாது. அதனால் அவள் தடுமாற்றம் என் காதில் விழவில்லை. அங்கேயும் அவள் சொல் கிடைக்காமல் திணறுவாள், மூன்று சாமான் கேட்டால் ஒன்றைத்தான் கொண்டுவருவாள், வீட்டார் திரும்பச் சொல்லிவிட்டுக் காத்திருப்பார்கள் என்று அந்த வீட்டம்மாள் சொன்னது எனக்குக் கல்யாணமான பிறகு. இரண்டு மொழியிலும் இருந்தது ஒரே சிரமம். தமிழில் வாயைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

தலைமையாசிரியர் அப்பாவிடம் திரும்பினார்.

"அப்போ அந்த மலாய்தான் நாக்கைக் கெடுக்குது. இனிமே அந்த வீட்டுப் பக்கமே விடாதீங்க."

என்ன வைத்தியம் படித்துவிட்டுச் சொன்னாரோ! அப்பாவும் மறுபேச்சில்லாமல் தலையாட்டினார்.

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெண் வழக்கம்போல வேலியோரம் நின்று, "மாரி மாயின்," என்று விளையாடக் கூப்பிட்டாள். தங்கை வாயைத் திறந்தாள், மூடினாள். பிறகு என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, நீ சொல்லு."

தங்கை இனிமேல் வரமாட்டாள், வீட்டிலேயே தமிழ் படிக்கப் போகிறாள் என்று மலாயில் பெருமையாக அறிவித்தேன். தங்கை விசும்ப ஆரம்பித்தாள். எதற்கு அழுகிறாள் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. அழாதே, இனிமேல் உனக்கு நன்றாகப் பேச வந்துவிடும் என்று அவளைத் தேற்றிக்கொண்டிருந்தேன்.