நடுவில் நின்று பேசியவள்

கீழ்த்தளத்துக்கு இறங்கும் படிகளின் நடுவில் மனைவி நின்ற கோலம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. கை துடைக்கிற துணி தோளில் கிடக்கும். கீழே நான் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருப்பேன். மேலே தன் அறைக்குள் மகள். “இஞ்சருங்கோ, பிள்ளை பள்ளிக்கூடத்தால ஸ்கீ ட்ரிப் போகக் கேக்குது.” “ஏலாது. பனியில சறுக்கி விழுந்து காலை முறிச்சுக்கொண்டு வந்து நிக்கப்போறா.” “உங்கட வாயில நல்லதே வராது” என்றபடி மனைவி மேலே ஏறிப்போவாள். அங்கே போய் என்ன சொன்னாள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. சில நாட்கள் கழித்துத் தேநீரோடு வந்து பக்கத்தில் இருப்பாள். அவள் எழும்பிப் போகும்போது நான் ஓம் சொல்லியிருப்பேன்.

யாழ்ப்பாணத்தில் என் தகப்பனிடம் நாங்களும் அம்மா வழியாகத்தான் பேசினோம். கனடாவுக்கு, இந்த அஜின்கோர்ட்டுக்கு வந்து இத்தனை காலமாகியும் அந்த ஒழுங்கு எங்கள் வீட்டில் மாறவில்லை. மகளை வகுப்புகளுக்கு ஏற்றி இறக்குவது என் வேலை. காய்ச்சல் என்றால் அறை வாசலில் நின்று எட்டிப் பார்ப்பேன். பேச்செல்லாம் மனைவியின் பொறுப்பு.

சென்ற வருடம் மாசியில், ஒரு காலைப்பொழுதில், மாரடைப்பு வந்து மனைவி போய்விட்டாள். முப்பத்தோராம் நாள் பூசைவரை வீடு நிறையச் சனம். அதன் பிறகு நானும் மகளும்தான். இருவரிடமும் சொல்ல எவ்வளவோ இருந்தது. எடுத்துச் செல்லத்தான் ஆளில்லை. மிசிசாகாவில் வேலையில் இருக்கும்போது, மகள் வீட்டுக்கு வந்துவிட்டாளா என்று தொலைபேசியைத் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். அந்தப் பதற்றம் இன்னும் போகவில்லை.

இந்த வசந்தத்தில், கடை வாசலில் காரை நிறுத்தியபோது, மகள் முன்னால் பார்த்தபடியே சொன்னாள்: “அப்பா, ஒட்டாவாவில யூனிவர்சிட்டி கிடைச்சிருக்கு. ஐ வாண்ட் டு கோ.”

“ஏலாது” என்றேன். அவ்வளவு தூரத்தில் அவளுக்கு ஒன்று என்றால் யார் ஓடுவது என்ற பயம்தான் அப்படி வாயில் வந்தது.

மகள் திரும்பி, யாரோ ஒருவரைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். “நீங்கள் இப்பிடிச் சொல்லுற ஆள் இல்லையே. எதைக் கேட்டாலும் ‘அப்பா யோசிக்கிறாராம்’ எண்டுதான் அம்மா வந்து சொல்லுவா. ஸ்கீ ட்ரிப்புக்குக்கூட, என்ர பூட்ஸ் வழுக்காதோ எண்டு கேட்டனீங்களாம். புதுசு வாங்கச் சொன்னதும் நீங்கள்தானே?”

நான் பூட்ஸைப் பற்றிக் கேட்டதே இல்லை. கால் முறியும் என்றுதான் சொன்னேன். மேலே ஏறிப் போவதற்குள் மனைவி அதைப் பூட்ஸாக மாற்றியிருக்கிறாள். இத்தனை வருடமாக, என்னைவிட நல்ல ஒரு தகப்பனை மகளிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். மனைவி போன அன்றே அந்த மனிதனும் போய்விட்டான் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

“யோசிக்கிறன்” என்றேன். பிறகு உண்மையாகவே யோசித்தேன். ஐம்பதைத் தாண்டியவன் பெற்ற பிள்ளையோடு பேசப் பழகுவது வெட்கமாகத்தான் இருந்தது. என்ன பாடம், எங்கே தங்குவது, குளிருக்கு என்ன செய்வது என்று ஒவ்வொன்றாக நானே கேட்டேன். கேட்கக் கேட்க மகள் தாயைப் போலவே கையை ஆட்டி ஆட்டிப் பேசத் தொடங்கினாள்.

போன ஞாயிறு கோயிலிலிருந்து திரும்பும்போது, சிவப்பு விளக்கில் காரை நிறுத்திவிட்டுச் சொன்னேன்: “எனக்குச் சரியான பயமாக் கிடக்கு. எண்டாலும் நீங்கள் போங்கோ பிள்ளை.”

மகள் கண்ணைத் துடைத்தாள். “அம்மா எண்டால் அந்த முதல் பாதியை வெட்டிப்போட்டுத்தான் சொல்லியிருப்பா.”

“வெட்டாமல் விடுவாவோ?” என்றேன்.

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பச்சை விழுந்ததைக் கவனிக்கவில்லை. பின்னால் நின்றவர் ஹோன் அடித்தார். நானும் பிள்ளையும் நேருக்கு நேர் கதைத்துச் சிரித்தோம் என்பதை, வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக மனைவியிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே காரை எடுத்தேன்.