கடைசி மூன்று நாளில் எங்கே போனீங்க?

"தண்ணி வேணாம்க்கா. முதல்ல கேள்வி" என்று இரும்புக் கதவுக்கு வெளியே நின்றபடியே சொல்கிறார் வினிஃப்ரெட். உள்ளே போக மாட்டார். காலில் இரட்டை முடிச்சுப் போட்ட ஷூ. காரணம் கேட்டால் விளக்கம் தயாராக இருக்கிறது. "ஷூவைக் கழட்டினா உள்ள போகணும். உள்ள போனா சிரப் தண்ணி குடிக்கணும். குடிச்சிட்டா, அவங்க பொய் சொன்னாலும் எழுதிக்கணும்லா."

தாமான் செம்பாக்கா குடியிருப்புப் பக்கமாக ஜொகூர் பாரு டவுனுக்கு ட்ராம் விடலாமா என்று ஒரு நிறுவனம் யோசித்துக்கொண்டிருக்கிறது. எங்கள் தாமானில் தினமும் ஏற முந்நூறு பேர் இருந்தால், ட்ராம் உள்ளே திரும்பி ஃபுட்சால் கோர்ட்டு முன்னால் நிற்கும். இல்லாவிட்டால் நெடுஞ்சாலையோரமாகவே பேரங்காடி வழியாகப் போய்விடும். வீடு வீடாகப் போய் அந்த எண்ணிக்கையை எடுப்பது வினிஃப்ரெட்டின் வேலை. கெடு வெள்ளிக்கிழமை மாலை. இதற்கு முன் பத்தொன்பது வருடம் மின்னணுத் தொழிற்சாலையில் பழுதான மின்சுற்றுப் பலகைகளைப் பொறுக்கி ஒதுக்கியவர். இப்போது பதில்களை ஒதுக்குகிறார்.

ஒதுக்கத்தான் வேண்டியிருக்கிறது. வெயிலில் வந்து நிற்கிற பெண்ணிடம் இல்லை என்று சொல்ல எங்கள் ஆட்களுக்கு வாய் வராது. "இவ்வளவு தூரம் வந்து கேக்குது, பாவம்" என்று எல்லோரும் ஏறுவதாகச் சொல்லிவிடுகிறார்கள். ஒரு நாளைக்கு இரண்டு தடவை கார் கழுவுகிற சதாசிவம்கூட, தினமும் ட்ராமில்தான் போகப்போவதாகச் சத்தியம் செய்தார்.

அதனால் வினிஃப்ரெட்டிடம் சொந்தமாக ஒரு கேள்வி இருக்கிறது. "கடைசி மூணு நாள்ல எங்க போனீங்க?" வேலைக்கோ கடைக்கோ போயிருந்தால் அந்த ஆள் கணக்கில் உண்டு. எங்கும் போகவில்லை என்றால் தாளின் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. சதாசிவம் காரைக் கழுவியதோடு சரி, எங்கும் போகவில்லை. அவருக்குக் கோடு. பதினான்காம் நம்பர் காளியம்மா, மூட்டு வலிக்காரர், "முதல் ஆளா ஏறுவேம்மா" என்றார். மூன்று நாளும் வீட்டில்தான் இருந்திருக்கிறார். அவருக்கும் கோடு. "தப்பா நினைக்காதீங்கக்கா, சிஸ்டம் அப்படி." நான் வீட்டிலேயே உட்கார்ந்து எழுதுகிறவன். எனக்கும் கோடுதான். அந்த எரிச்சலில்தான் ஒரு வாரம் இவர் பின்னாலேயே சுற்றி இதை எழுதுகிறேன்.

ட்ராம் உள்ளே வர வேண்டும் என்று இந்தத் தாமானிலேயே அதிகம் ஆசைப்படுகிறவர் வினிஃப்ரெட்தான். ஆனால் வாயைத் திறந்து சொல்ல மாட்டார். இவருடைய கணவர் ரோலண்ட் இருபத்து மூன்று வருடம் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூர் கப்பல் பட்டறைக்கு வேலைக்குப் போனவர். இனிப்பு நீர் நோய் கண்ணைக் கெடுத்ததும் சாவியை ஆணியில் மாட்டிவிட்டார். பக்கத்துப் பஸ் நிறுத்தத்துக்குப் போக நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டும், அவரால் முடியாது. இப்போது போர்ச்சில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற மோட்டார் யாருடையது என்று சத்தத்தை வைத்தே சொல்கிறார். காலையில் கைத்தடியோடு ஃபுட்சால் கோர்ட்டு வரை நடந்து திரும்புகிறார். இருநூற்றுப் பன்னிரண்டு காலடி, இரண்டு இடத்தில் கால்வாய் மூடி. இன்னும் வராத ட்ராமுக்கு வழி பழகிக்கொண்டிருக்கிறார். எனக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை.

வியாழக்கிழமை எண்ணிக்கை இருநூற்று எழுபத்தொன்றில் நின்றது. மூலை வீட்டு ஜெயபாலன் சும்மா இருக்கவில்லை.

"பேனா உன் கையிலதானே இருக்கு? இன்னொரு முப்பது பேர எழுதிட்டா யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும் அண்ணே" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டு மணியை அழுத்தினார்.

வெள்ளிக்கிழமை காலை பாக்கி இருந்தது வினிஃப்ரெட்டின் வீடு மட்டும்தான். சொந்த வீட்டுக் கதவுக்கும் வெளியேதான் நின்றார், ஷூவோடு.

"உள்ள வந்து கேளேன், வினி" என்று ரோலண்ட் சிரித்தார்.

"வேணாம். ட்ராம் வந்தா ஏறுவீங்களா?"

"தினமும்."

"கடைசி மூணு நாள்ல எங்க போனீங்க?"

"எங்கயும் போகல."

"ஃபுட்சால் கோர்ட்டுக்கு?"

"அது சும்மா நடந்து பாத்தது. அதை எப்படிக் கணக்குல சேப்ப?"

வினிஃப்ரெட் சிவப்புப் பேனாவைத் திறந்தார். தாளை இரும்புக் கதவில் வைத்துச் சமன் செய்தார். கோடு விழவில்லை. இந்த ஒரு வாரத்தில் அவர் கை நின்று நான் பார்த்தது அப்போதுதான்.

"ஏன் போகல?" என்றார். அந்தக் கேள்வி தாளில் கிடையாது.

"எதுல போறது, வினி?" என்றார் ரோலண்ட். "ஒரு வண்டி இருந்தா போயிருக்க மாட்டேனா?"

வினிஃப்ரெட் பைக்குள்ளிருந்து சிவப்புக் கோடு போட்ட தாள்களை எடுத்தார். அறுபத்து நான்கு. ஒவ்வொன்றாகப் பெயரைப் பார்த்துக்கொண்டே போனார். காளியம்மா பெயரில் கொஞ்ச நேரம் நின்றார்.

"அலமாக்" என்று மெதுவாகத் தன்னையே நொந்துகொண்டார். "இத்தனை நாளும் பாதிதான் கேட்டிருக்கேன்."

கறுப்புப் பேனாவை எடுத்து, ரோலண்டின் தாளின் அடியில் 'ஏன் போகவில்லை?' என்று எழுதினார். அவர் சொன்னதை அப்படியே அதன் கீழ் எழுதினார். பிறகு வீட்டுக்குள் போகாமல் பதினான்காம் நம்பரைப் பார்த்து நடந்தார்.

காளியம்மா வழக்கம்போல் சிரப் தண்ணியோடு வந்துவிட்டார். "கேள்விதான் அன்னிக்கே முடிஞ்சிருச்சே?"

"இன்னும் ஒண்ணு இருக்குக்கா. கொஞ்சம் நேரம் ஆகும்."

இரும்புக் கதவைத் தானே தள்ளித் திறந்துகொண்டு வினிஃப்ரெட் உள்ளே போனார். பையை இறக்கி வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார். குனிந்து, இடது ஷூவின் இரட்டை முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார்.