முழுகிப்போன கிண்ணமும் ஆற்றுக்குள் போன டாங்கியும்

போன செவ்வாய்க்கிழமை ஒரு கிண்ணம் முழுகிப்போனது. அதற்காக நான் அழுதேன்.

சிரிக்காதீர்கள். வாரா வாரம் என் கவலைகளைப் படிக்கிறவர்கள்தானே நீங்கள்? கேஸை மூடினேனா இல்லையா என்று பாதி வழியில் பஸ்ஸை நிறுத்தி இறங்கியவள் நான் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் இந்தக் கிண்ணத்துக்குப் பின்னால் ஒரு ராணுவ டாங்கி இருக்கிறது. அந்த டாங்கிக்குள் என் வீட்டுக்காரர் இருக்கிறார்.

அவர்தான் அதை ஓட்டுகிறார். பொங்கல் முடிந்து விருத்தாசலம் ஜங்ஷனில் ரயில் ஏறினவர்... இன்னும் வரவில்லை. தினமும் சாயந்திரம் ஒரு போன். கொஞ்ச நாளாக அதுதான் எங்கள் குடித்தனம்.

அந்தச் செவ்வாய்க்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, சாம்பாரில் உப்பு கூடிப்போனதைச் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

"நாளையிலேர்ந்து நாலு நாளு போனு கெடையாது, புள்ள. ட்ரெய்னிங்கு. வண்டிய ஆத்துல எறக்கணும்."

"எந்த ஆத்துல?"

"அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாது."

"தண்ணி இருக்குதா அதுல?"

"தண்ணி இல்லாம அது என்னா ஆறு?"

"ஏன், மணலாக் கெடக்கற நம்ம மணிமுத்தாறு இல்லியா?"

சிரித்தார். "இத முடிச்சாதான் லீவுக்கு எழுதிக் குடுக்க முடியும். பயப்படாம சோறு தின்னு" என்று வைத்துவிட்டார்.

பயப்படாமலா? நாற்பது டன்னுக்கு மேல் இரும்பு அது. இங்கே ஒரு குண்டூசியைப் போட்டாலே நேராக அடிக்குப் போகிறது! அப்போதே அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. போனை வைக்கிற நேரத்தில் அழுகையோடு ஒரு கேள்வி கேட்டால், மனுஷன் அதைச் சுமந்துகொண்டா ஆற்றில் இறங்குவார்?

நான் எட்டாவதோடு நின்றவள். பொருள்கள் தண்ணீரில் எப்படி மிதக்கின்றன என்கிற பாடம் ஒன்பதாவதில் இருக்கிறதாம். ஒரே ஒரு வருஷம்! இன்னும் ஒரு வருஷம் போயிருந்தால் நாலு நாள் நிம்மதி மிச்சமாகியிருக்கும்.

சரி, போன் எதற்கு இருக்கிறது? தேடினேன். ஒரு வீடியோவில் ராணுவ வண்டி ஒன்று வாத்து மாதிரி ஆற்றைக் கடந்தது. பின்னாலேயே ஒருவர் விளக்கம் சொன்னார். தண்ணீருக்குள் இறங்குகிற பொருள் தன் இடத்தில் இருந்த தண்ணீரை ஒதுக்கித் தள்ளும். அப்படித் தள்ளப்பட்ட தண்ணீர் என்ன எடையோ, அந்த அளவுக்குத் தண்ணீர் இதை மேலே தூக்கும். பொருளின் எடைக்குச் சமமாகத் தண்ணீர் தள்ளப்பட்டால் மிதக்கும். தள்ள முடியாவிட்டால் முழுகும். இரும்பா மரமா என்பது இல்லை கணக்கு. உள்ளே எவ்வளவு காலி இடம் என்பதுதான்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கையால் தொட்டுப் பார்த்தால்தான் எனக்கு எதுவும் விளங்கும்.

நான் வேலை செய்வது பீங்கான் கம்பெனியில். அச்சிலிருந்து எடுத்த பச்சை மண் சாமான்களின் ஓரத்தை ஈர ஸ்பாஞ்சால் துடைத்து நேராக்குவேன். செவ்வாய்க்கிழமை காலையில் போனதும் ஒரு கிண்ணத்து எடைக்கு மண்ணை உருட்டித் தண்ணீர் டிரம்மில் போட்டேன். முழுகியது. அடுத்து, ஒரு தடவை சூளையில் வெந்து வந்த கிண்ணத்தை மெதுவாக வைத்தேன்.

மிதந்தது! அதே மண், அதே எடை. நடுவில் காலி இடம்... அவ்வளவுதான். மத்தியானம் இரண்டு நாளுக்குப் பிறகு வயிறு நிறைய சாப்பிட்டேன்.

சாயந்திரம் கை கழுவப் போனால், கிண்ணம் டிரம்மின் அடியில் கிடக்கிறது.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பக்கத்துப் பெஞ்சில் வேலை பார்க்கிற அஞ்சலையக்கா ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏன்டி, ஒன் வூட்டுக்காரரு டாங்கி ஓட்றாரா, கிண்ணம் ஓட்றாரா?"

"காலையில மிதந்துச்சுக்கா..."

"கிளேஸ் போடாத கிண்ணம்டி அது! தண்ணி குடிக்காம என்னா பண்ணும்? பத்து வருஷமா இங்க குப்ப கொட்ற, இது தெரியல? இரும்பு தண்ணி குடிக்குமா, சொல்லு?"

பளபளப்புப் பூச்சு போட்டு இரண்டாவது தடவை சுட்டால்தான் பீங்கான் தண்ணீர் குடிக்காது. தூக்கத்தில் கேட்டாலும் நான் சொல்வேன். பயம் வந்தால் பாருங்கள், முதலில் காணாமல் போவது நமக்கு நன்றாகத் தெரிந்த விஷயம்தான்.

அக்காவே ஒரு கிளேஸ் போட்ட கிண்ணத்தைக் கொண்டுவந்து மிதக்கவிட்டார். "இந்தா, இதான் ஒன் டாங்கி. பாத்துக்கினே இரு."

பார்த்துக்கொண்டே இருந்தேன். புதன், வியாழன்... அது மிதந்தது. மற்ற நேரமெல்லாம் ரயில் சத்தம். ஜங்ஷன் உள்ள ஊரில் வாக்கப்பட்ட கஷ்டம் அது. நாள் முழுக்க ரயில் வந்துகொண்டே இருக்கும். எதிலும் அவர் இருக்கமாட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில் போன் அடித்தது.

"என்னாங்க! மிதந்துச்சா?"

"எது?"

"வண்டிதான்!"

அந்தப் பக்கம் சிரிப்பு.

"நம்மளுது மிதக்காது, புள்ள. மிதக்கறது வேற வண்டி, ஆளுங்கள ஏத்திக்கிட்டுப் போறது. எங்களுது தண்ணிக்கு அடியில போவும். தரையில நடந்தே அக்கரைக்கு ஏறிடும்."

"அடியிலயா? மூச்சு?"

"மேல நீளமா கொழாய் இருக்குது. அதுல காத்து வரும்."

கோபம் வந்துவிட்டது எனக்கு. "மிதக்கும்னு நம்பித்தானே நாலு நாளா நான் இங்க சோறு தின்னேன்!"

"மிதந்தாதான் ஆபத்து. தண்ணிக்குள்ள போனா எடை கொறஞ்சிடும். தண்ணி தூக்கப் பாக்கும். தூக்கிட்டா தரைய விட்டுரும், இழுத்துக்கினு போயிடும். அதனால நிக்கக் கூடாது, கியர் மாத்தக் கூடாது. ஒரே சீரா போய்க்கினே இருக்கணும்."

நான் நாலு நாள் கவலைப்பட்டது, இரும்பு முழுகிவிடுமோ என்று. அதே நாலு நாள் அவர்கள் கவலைப்பட்டது, மிதந்துவிடுமோ என்று! கவலைப்படுகிற ஜென்மங்களுக்கு இதுதான் தலையெழுத்து. உழைப்பில் ஒரு குறையும் வைக்கமாட்டோம். இடம் மட்டும்தான் தப்பாகப் போய்விடும்.

"உள்ள எப்டி இருந்துச்சு?"

"ஒண்ணும் தெரியாது. கண்ணாடியில மொதல்ல பழுப்பா தெரியும், அப்பறம் இருட்டு. கமாண்டரு காதுல சொல்லுவாரு, நேரா போ, நேரா போன்னு. அந்தக் கொரலு ஒண்ணுதான். அத நம்பிப் போவணும்."

எனக்கு அது நன்றாகப் புரிந்தது. பொங்கலில் இருந்து நானும் ஒரு குரலை நம்பித்தானே நேராகப் போய்க்கொண்டிருக்கிறேன்?

கேட்கக் கூடாதுதான். கேட்டுவிட்டேன். "அப்ப... என்னா நெனச்சீங்க?"

"கியர மாத்திரக் கூடாதுன்னு நெனச்சேன்."

இதைக் கேட்கவா நாலு நாள் தவம் கிடந்தேன்? அஞ்சலையக்கா எதிரில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். போனை வைத்துவிடலாமா என்று பார்த்தேன்.

"அக்கரைக்கு ஏறி மூடியத் தொறந்தேன் பாரு," என்றார் அதற்குள், "வண்டி பூரா சேறு. வெயில்ல அந்த ஈரமண்ணு வாசன குப்புனு அடிச்சிது. நீ வேலைய வுட்டு வூட்டுக்கு வந்தா ஒம்மேல அடிக்குமே... அதே வாசன. கொஞ்ச நேரம் எறங்காமயே உக்காந்திருந்தேன். கமாண்டரு சாப் திட்டிட்டாரு."

டிபன் பாக்ஸை மூடினேன், திறந்தேன், மறுபடி மூடினேன்.

"லீவு?"

"எழுதிக் குடுத்துட்டேன். கையெழுத்து ஆவணும்."

எப்போது ஆகும்? தெரியாது. அவர் லீவு என்று சொன்னாலே கடைத்தெருவுக்குப் போய், மண் வாசனை போகிற மாதிரி விலை கூடின சோப்பு ஒன்று வாங்கி வைப்பது என் வழக்கம்.

இந்தத் தடவை வாங்கவில்லை.