லண்டன் போக வேண்டிய எங்க ஊர் அம்பாசிடர்

இன்னிக்குக் காலைல மலை அடிவாரத்துல வாகன பூஜை. புது வண்டிக்கு இல்லீங்க, எங்க அக்கா வீட்டுக்காரர், எங்க பாவாவோட பழைய அம்பாசிடருக்கு.

திருத்தணில பாதிப் பேருக்கு அதான் கல்யாண கார். நானே மாலையும் கழுத்துமா அதுல வந்து இறங்கினவன்.

இப்போ லண்டன்ல யாரோ வாங்கிட்டாராம். "கடல் தாண்டிப் போவுது, பூஜை போடாம அனுப்புவனா?"ன்னாரு பாவா.

பூசணிக்கா உடைச்சாச்சு. நாலு சக்கரத்துக்கு முன்னாடியும் எலுமிச்சம்பழம் வெச்சாச்சு. வண்டிதான் ஸ்டார்ட் ஆவல.

பழத்து மேல ஏத்தாம பூஜை எப்படி முடியும்? பூக்கார அக்கா, ரெண்டு ஆட்டோக்காரங்க, நான், எல்லாரும் பின்னாடி நின்னு தள்ளினோம்.

"அதுக்குப் போவ மனசில்ல, பாருங்க"ன்னாங்க பூக்கார அக்கா.

"நம்ம ஊர் சொத்தைத் தூக்கி வெள்ளைக்காரனுக்குக் குடுத்துக்கினு..."ன்னு ஆட்டோக்காரர் ஒருத்தர் ஆரம்பிச்சாரு.

"நம்ம நாட்டோட பாரம்பரியம் பாவா அது!" இது நான். எல்லாரையும் விட சத்தமா.

பாவா ஜன்னல் வழியா தலையை நீட்டினாரு. "ஆங், சரி. லண்டன்காரர்கிட்ட இப்பவே தரலன்னு சொல்லிடறேன். உங்களுக்குச் சும்மாவே தரேன். யாரு வீட்டுல நிறுத்தறது?"

அத்தனை பேரும் ஒரே நேரத்துல வண்டியிலேர்ந்து கையை எடுத்துட்டோம்.

அது மேடு வேற. வண்டி மெதுவா பின்னாடி உருள ஆரம்பிச்சுது. பாரம்பரியத்துக்கு வழி விட்டு ஆளாளுக்கு ஓடினோம்.

பழம் நாலும் இன்னும் நசுங்காம அப்படியே இருக்கு. வண்டியும் அடிவாரத்துலயேதான் நிக்குது.

வீட்டுல இடம் இருக்கற தேசபக்தர்கள் கமெண்ட்ல வாங்க. எங்க வீட்டுல என் காரே பாதி ரோட்டுலதான் நிக்குது.